வருண ஜபமா, குடையா?

பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் மே, ஜூன் மாதங்களில் ஒரு பேச்சு அடிபடும். எம்.ஏ. எகனாமிக்ஸ் போகலாமா, எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் போகலாமா? இப்போது மூன்றாவதாக ஒரு வழியும் வந்திருக்கிறது: பொருளியலையும் தரவு அறிவியலையும் சேர்த்து ஒரே முதுகலைப் பட்டமாகத் தரும் படிப்பு. விளம்பரத்தைப் பார்த்தால் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றே தோன்றும். வகுப்புக்குள் போய் உட்கார்ந்தால்தான் இரண்டும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது தெரியும்.

இரண்டு வகுப்பிலும் முதல் மாதத்திலேயே ரெக்ரஷன் சமன்பாடு கரும்பலகையில் ஏறிவிடும். இடப்பக்கம் ஒய், வலப்பக்கம் எக்ஸ்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பீட்டா. ஒய் என்பது சம்பளம், எக்ஸ் என்பது படித்த ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். பொருளியல் மாணவரின் கண் பீட்டாவின் மேல் இருக்கும். கூடுதலாக ஓர் ஆண்டு படித்ததனால் சம்பளம் எவ்வளவு கூடியது? அந்தக் கூடுதல் படிப்பினாலேயே வந்ததா, படிக்கவைக்க வசதியுள்ள குடும்பத்தில் பிறந்ததனால் வந்ததா? தரவு அறிவியல் மாணவருக்குப் பீட்டாவைப் பற்றி அவ்வளவாகக் கவலை இல்லை. இதுவரை பார்த்திராத ஒருவரின் விவரத்தைக் கொடுத்தால் அவருடைய சம்பளத்தை எவ்வளவு நெருக்கமாகச் சொல்ல முடியும் என்பதே அவருடைய கேள்வி. பொருளியலாளர்கள் செந்தில் முல்லைநாதனும் யான் ஸ்பீஸும் 2017-இல் எழுதிய கட்டுரையில் இந்த வேறுபாட்டைத்தான் எடுத்து வைத்தார்கள்: ஒரு துறை பீட்டாவைத் தேடுகிறது, இன்னொன்று ஒய்யைத் தேடுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற வேறுபாடுகள் எல்லாம் தாமாக விளங்கும்.

பொருளியல் வகுப்பின் வேலையை நம் ஊர்க் கதையிலேயே பார்க்கலாம். கொரோனாவில் பள்ளிகள் நீண்ட நாள் மூடிக் கிடந்தன. 2021 இறுதியில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள், மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்து சோதித்தார்கள். 2019-இல், அதாவது தொற்றுக்கு முன்பே, அதே கிராமங்களில் எடுத்த அளவு அவர்கள் கையில் இருந்தது. 2021 டிசம்பரில் பிள்ளைகள் பெரிதும் பின்தங்கியிருந்தார்கள், மொழியைவிடக் கணக்கில் அதிகமாக. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது.

இங்கேதான் பொருளியல் ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வகுப்பைப் பார்ப்பார். திரும்பி வந்ததில் திட்டத்தின் பங்கு எவ்வளவு? பள்ளி திறந்ததே போதும், பிள்ளைகள் தாமாகத் தேறியிருப்பார்கள் என்று ஒருவர் சொல்லலாம். மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகள் அதிகம் தேறினார்கள் என்பதை வைத்து முடிவு கட்டவும் முடியாது. அனுப்பிவைத்த பெற்றோரே அக்கறையான பெற்றோராக இருந்திருக்கலாம். அல்லது நேர்மாறாக, ரொம்பவும் பின்தங்கிய பிள்ளைகளைத்தான் அனுப்பிவைத்தார்களோ என்னவோ. அந்தத் திட்டமே இல்லாத ஒரு தமிழ்நாடு எப்படி இருந்திருக்கும் என்று கணிக்க வேண்டும். அந்தத் தமிழ்நாடு எந்தக் கோப்பிலும் இல்லை. ஆய்வாளர்கள் வந்த முடிவு, மீட்சியில் சுமார் 24 விழுக்காடு திட்டத்தால் வந்தது என்பது. மீதி பெரும்பங்கு வேறு வழிகளில் வந்தது. அரசியல் மேடையில் இரு தரப்புக்கும் பிடிக்காத விடை. நல்ல பொருளியல் விடைகள் பலவும் அப்படித்தான் இருக்கும்.

இல்லாத ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் இந்தக் கலைக்குப் பாடப்புத்தகங்களில் வழக்கமாக வரும் உதாரணம் அமெரிக்காவுடையது. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. ஒட்டியிருந்த பென்சில்வேனியா உயர்த்தவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் எல்லைக்கு இருபுறமும் 410 துரித உணவுக் கடைகளில் ஆள் எண்ணிக்கையைக் கூலி உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். கூலி கூடினால் வேலை குறையும் என்று புத்தகம் சொன்னது. அவர்கள் பார்த்தவரை குறையவில்லை. சண்டை இன்னும் ஓயவில்லை என்றாலும், கார்டுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது; ஜோஷுவா ஆங்ரிஸ்டும் கீடோ இம்பென்ஸும் அதை அவருடன் பகிர்ந்துகொண்டார்கள். 410 கடைகள் என்பதைக் கவனியுங்கள். ஒரு தரவு அறிவியல் மாணவர் இதைத் தரவு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அந்த 410-க்குப் பின்னால் நல்ல ஒப்பீடு ஒன்று இருந்தது. கோடிக்கணக்கான வரிகள் இருந்தும் ஒப்பீடு இல்லாவிட்டால் பொருளியலாளர் அசைய மாட்டார்.

தரவு அறிவியல் நடக்கும் அடுத்த கட்டடத்துக்குப் போனால் காற்றே வேறு. இங்கே முதல் பாடம், கையில் உள்ள தரவில் ஒரு பகுதியை எடுத்து ஒளித்துவைப்பது. மீதியை வைத்து மாடலைப் பழக்கு, ஒளித்துவைத்ததை வைத்துச் சோதி. தான் ஏற்கெனவே பார்த்த தரவில் மாடல் நூற்றுக்கு நூறு வாங்கினால் யாரும் கைதட்ட மாட்டார்கள். மனப்பாடம் செய்துவிட்டது என்பார்கள். 2006-இல் நெட்ஃப்ளிக்ஸ் ஒரு போட்டி வைத்தது: படங்களுக்கு ரசிகர்கள் தரும் மதிப்பெண்ணைத் தங்கள் மாடலைவிட 10 விழுக்காடு மேலாகக் கணிப்பவருக்கு 10 லட்சம் டாலர். 2009-இல் ஓர் அணி தட்டிச் சென்றது. ஏன் ஒருவருக்கு ஒரு படம் பிடிக்கிறது என்று அங்கே யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யாரும் பார்த்திராத சோதனைத் தரவில் யார் நெருங்கினார்கள் என்பதே கணக்கு.

இந்தப் பிளவை முதலில் வெளிப்படையாகப் போட்டு உடைத்தவர் லியோ பிரைமன். புள்ளியியல் பேராசிரியர், நடுவில் பல்கலைக்கழகத்தை விட்டுப் பல ஆண்டுகள் தனியார் ஆலோசகராக இருந்தவர். புள்ளியியலில் இரண்டு கலாச்சாரங்கள் இருக்கின்றன என்று 2001-இல் எழுதிய கட்டுரையில், தன் துறையினர் அழகான சமன்பாட்டை முதலிலேயே முடிவுசெய்துகொண்டு, அது உண்மையில் கணிக்கிறதா என்று சோதிக்காமலே முடிவுகளை அறிவிக்கிறார்கள் என்று சாடினார். ராண்டம் ஃபாரஸ்ட் என்ற கணிப்புக் கருவியை விரிவாக முன்வைத்த அவருடைய கட்டுரையும் அதே ஆண்டில்தான் வந்தது. குற்றச்சாட்டு பொருளியலுக்கு அப்படியே பொருந்தும். நாற்பது மாறிகளை மாற்றி மாற்றிப் போட்டு, முடிவு தற்செயல் அல்ல என்று காட்டும் நட்சத்திரக் குறி அட்டவணையில் விழும் வரை ரெக்ரஷன் ஓட்டி, கடைசியில் ஓட்டியதை மட்டும் காட்டும் வழக்கத்தைப் பொருளியலில் ஆய்வு செய்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒளித்துவைத்த தரவில் சோதித்துக் காட்டு என்று தரவு அறிவியல் கேட்பது ஒரு நேர்மை. என்னைக் கேட்டால், பொருளியல் துறைகள் இதை இன்னும் முழுதாகக் கடன் வாங்கவில்லை.

சரி, வாழ்க்கையில் வரும் ஒரு கேள்விக்கு எந்த வகுப்புக்குப் போவது? 2015-இல் ஜான் க்ளைன்பர்க், ஜென்ஸ் லுட்விக், செந்தில் முல்லைநாதன், ஸியாட் ஓபர்மேயர் நால்வரும் ஒரு சிறு கட்டுரையில் இதற்கு விடை தந்தார்கள். கட்டுரையில் உதாரணமாக வருவது, மழை வேண்டி ஆடும் மழை நடனம். நமக்கு வருண ஜபம் என்றால் உடனே புரியும். வறட்சிக் காலத்தில் அண்டா நீரில் அமர்ந்து வருண ஜபம் செய்ய அறநிலையத் துறை செலவழிக்கலாமா என்று முடிவெடுக்க வேண்டுமானால், ஜபத்தால் மழை வருமா என்பது தெரிய வேண்டும். அது காரணக் கேள்வி. காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர் குடை எடுக்கலாமா என்று முடிவெடுக்க, மழை வருமா என்று தெரிந்தால் போதும். எதனால் வருகிறது என்பது வேண்டியதில்லை. அது கணிப்புக் கேள்வி. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை யாருக்குச் செய்யலாம் என்பதில் குடைக் கேள்வி ஒன்று ஒளிந்திருப்பதை அவர்கள் காட்டினார்கள். தேறி நடக்கவே பல மாதமாகும் சிகிச்சை. நோயாளி அதற்குள் வேறு காரணத்தால் இறந்துவிடுவார் என்றால் வலிதான் மிச்சம். இங்கே வேண்டியது ஆயுளைப் பற்றிய நல்ல கணிப்பு.

பிரித்துச் சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. பெரும்பாலான நிஜக் கேள்விகளில் ஜபமும் குடையும் கலந்தே வரும். அங்கேதான் ஒரே வகுப்பில் படித்தவர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

கூகுள் 2008-இல் தேடல் சொற்களை வைத்து ஃப்ளூ காய்ச்சல் பரவுவதைக் கணிக்கும் சேவையைத் தொடங்கியது. முதலில் எல்லோரும் வியந்தார்கள். 2012–13 குளிர்காலத்தில் அது சொன்ன எண்ணிக்கை அரசு கணக்கைவிட ஏறத்தாழ இரட்டிப்பாகப் போனது. மக்கள் தேடும் விதமும், தேடச்சொல்லித் தூண்டும் பெட்டியும் மாறிக்கொண்டே இருந்தன. மாடலுக்கு அது தெரியவில்லை. மனிதர்கள் ஏன் தேடுகிறார்கள் என்று யோசிக்கும் பழக்கம் பொருளியலில் முதல் பாடம்.

இதைவிட ஆழமான உதாரணம் ஒன்று இருக்கிறது. சேர்ந்த படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு அது ஒன்றே போதும். அமெரிக்க மருத்துவமனைகளில், கூடுதல் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு மென்பொருள் பரவலாகப் பயன்பட்டது. நோயாளிக்கு அது ஒரு மதிப்பெண் போடும். மதிப்பெண் அதிகமென்றால் கூடுதல் கவனிப்புத் திட்டத்தில் சேர்ப்பார்கள். 2019-இல் ஓபர்மேயர், முல்லைநாதன் உள்ளிட்டோர் இதைத் தோண்டினார்கள். ஒரே மதிப்பெண் பெற்ற வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கறுப்பினத்தவர் கூடுதலாக நோயுற்றிருந்தார்கள். மென்பொருளில் இனம் என்ற மாறியே கிடையாது. கணிப்பிலும் பிழை இல்லை. பிழை இடப்பக்க ஒய்யில் இருந்தது. நோயின் கடுமையைக் கணிக்க வேண்டிய இடத்தில், வரும் ஆண்டில் நோயாளிக்கு ஆகும் மருத்துவச் செலவை வைத்திருந்தார்கள். செலவு கணக்குப் புத்தகத்தில் சுத்தமாகக் கிடைக்கும்; நோய் அப்படிக் கிடைக்காது. ஆனால் மருத்துவத்தை எட்டுவதே கடினமாக இருக்கும் மக்களுக்கு, நோய் அதிகமானாலும் செலவு குறைவாகவே பதிவாகும். பிழையைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று கணக்கிட்டார்கள்.

இதில் பைத்தான் எழுதத் தெரிந்தவர் செய்த தவறு எதுவுமில்லை. செலவு வேறு, தேவை வேறு என்று எழுந்து கேட்க அறையில் ஒரு பொருளியலாளர் இருந்திருக்க வேண்டும். அதே சமயம், ஆயிரக்கணக்கான பதிவுகளில் அந்த மென்பொருளின் உள்ளே போய்க் கணக்கிட்டுக் காட்ட வெறும் பொருளியலாளரால் முடிந்திருக்காது.

எதிர்த்திசையில், பொருளியலாளர் தனியாக நின்று திணறும் இடத்துக்கு டோகோவைச் சொல்லலாம். 2020-இல் அந்தச் சிறிய மேற்கு ஆப்பிரிக்க நாடு ஊரடங்கில் ஏழைகளுக்கு மொபைல் வழியாகப் பணம் அனுப்ப ‘நொவிஸி’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. யார் ஏழை என்ற பட்டியல் கிடையாது. நோய் பரவும் நேரத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கவும் வழியில்லை. ஜோஷுவா ப்ளூமென்ஸ்டாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்து மிக ஏழ்மையான பகுதிகளையும், கைபேசிப் பயன்பாட்டுத் தடயங்களை வைத்து அந்தப் பகுதிகளின் மிக ஏழ்மையான சந்தாதாரர்களையும் கணித்தார்கள். முழுக்கக் குடைக் கேள்வி. ஆனால் பின்னால் அவர்களே உட்கார்ந்து, எதோடு ஒப்பிட்டு இது நல்லது என்று கேட்டார்கள். அரசு யோசித்துவைத்திருந்த பகுதிவாரியான வழிகளோடு ஒப்பிட்டால், தகுதியிருந்தும் விடுபட்டவர்களின் பிழை 4 முதல் 21 விழுக்காடு குறைந்தது. முழுமையான குடும்பப் பட்டியல் ஒன்று இருந்து அதை வைத்துக் கொடுத்திருந்தால் எப்படி என்று பார்த்தால், இந்த முறையில் அந்தப் பிழை 9 முதல் 35 விழுக்காடு அதிகம். பட்டியல் இல்லாத ஊரில் இது சிறந்த வழி. பட்டியலுக்கு மாற்று ஆகாது. ரேஷன் அட்டைக் கணக்கு உள்ள நம் மாநிலத்தில் இப்படி ஒரு மென்பொருளை விற்க யாராவது வந்தால், இந்த இரண்டு எண்களையும் அதிகாரிகள் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டையும் கணிதத்திலேயே பின்னும் வேலையும் நடந்திருக்கிறது. காரணக் கேள்வியில் வரும் நூற்றுக்கணக்கான துணை மாறிகளைத் தரவு அறிவியலின் மெஷின் லேர்னிங் முறைகளிடம் விட்டுவிட்டு, முக்கியமான ஒரு பீட்டாவை நம்பகமாக எடுக்கும் முறையை விக்டர் செர்னொசுகோவ் குழுவினர் 2018-இல் தந்தார்கள். அதே ஆண்டு ஸ்டெஃபான் வாகரும் சூசன் ஏத்தியும், ஒரு திட்டம் யாருக்கு அதிகம் பலன் தருகிறது என்று கண்டுபிடிக்க ராண்டம் ஃபாரஸ்ட்டையே மாற்றியமைத்தார்கள். கூகுளின் தலைமைப் பொருளியலாளராக இருந்த ஹால் வேரியன் இதற்கெல்லாம் முன்பே, 2014-இல், பொருளியல் ஆய்வு மாணவர்கள் கணினித் துறைக்குப் போய் மெஷின் லேர்னிங் வகுப்பில் உட்காருங்கள் என்று எழுதிவிட்டார்.

இந்தச் சேர்க்கை இந்தியாவுக்குப் புதிது என்று நினைத்தால் அது வரலாறு தெரியாத பேச்சு. புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் புள்ளியியலாளரும் பொருளியலாளரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் கணக்குகளும் அந்தக் கூரையின் கீழ்தான் உருவாயின. அதே நிறுவனம் தரும் குவான்டிடேட்டிவ் எகனாமிக்ஸ் முதுகலைக்கு நுழைவுத் தேர்வில் ஒரு தாள் கணிதம், மற்றொன்று பொருளியல். சென்னையிலோ இரண்டும் இரண்டு மூலையில் இருக்கின்றன. 1993-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் கோட்டூரில்; 2018 முதல் தரவு அறிவியலில் எம்.எஸ்சி. தரும் சென்னைக் கணிதவியல் கழகம் சிறுசேரியில். ஓ.எம்.ஆர். வழியாகப் பேருந்தில் போய்விடலாம், ஆனால் ஒரு கட்டடத்தில் படித்தவர் மற்றதில் ஒரு வகுப்பு கேட்பது இன்றும் வழக்கமில்லை.

வெளிநாட்டு மாதிரிகளில் எனக்குப் பிடித்தது எம்.ஐ.டி. 2017-இல் இணையவழிச் சான்றிதழாகத் தொடங்கிய படிப்பு: தரவு, பொருளியல், கொள்கை வடிவமைப்பு மூன்றையும் சேர்த்தது. அதைத் தொடங்கியபோது பின்னால் இருந்தவர்கள் எஸ்தர் டுஃப்லோ, அபிஜித் பானர்ஜி போன்ற பொருளியலாளர்கள். இணைய வகுப்புகளில் நன்றாகச் செய்தவர்களில் சிலரை 2020 முதல் தங்கள் வளாகத்துக்கே அழைத்து முதுகலை தருகிறார்கள். இளங்கலைப் பட்டம்கூடக் கட்டாயமில்லை. தேர்வுக் கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. நம் கல்லூரிகளின் நன்கொடைப் பேச்சை நினைத்தால் பெருமூச்சு வரும். பாடத்திட்டத்தின் முதுகெலும்பு பொருளியல். தரவுப் பகுப்பாய்வு அதற்கு வேலை செய்யும் கை. இந்த வரிசை சரியென்றே நினைக்கிறேன். கருவிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும். ஸ்டாட்டாவில் பழகியவர் ஆர் கற்றார், பிறகு பைத்தான் கற்றார், நாளை வேறொன்று கற்பார். எதோடு ஒப்பிட்டு என்று கேட்கும் பழக்கத்தை முப்பது வயதுக்கு மேல் ஒருவருக்கு ஊட்டுவது எளிதல்ல. கணினித் துறையிலிருந்து வருபவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும்.

சேர்ந்த பட்டம் என்ற பெயரில் இப்போது விற்கப்படுபவற்றில் பலவும் இரண்டு அரைப் பட்டங்களை ஒட்டவைத்தவை. முதல் பருவத்தில் பொருளியல் துறை ஆசிரியர் நுண்பொருளியல் நடத்துவார். அடுத்த பருவத்தில் கணினித் துறை ஆசிரியர், யாரோ இணையத்தில் போட்ட வீட்டுவிலைத் தரவை வைத்து மாடல் ஓட்டச் சொல்வார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இருக்காது. மாணவர் இரண்டு மொழி கற்றுக்கொண்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறத் தெரியாமல் வெளியே வருவார். அதைவிட நேரடியாக ஒரு துறையில் முழுதாக இறங்கி, மற்றதைத் தானே கற்றுக்கொள்வது மேல், செலவும் குறைவு.

ஆகவே சேரும் முன் கட்டண விவரத்தோடு இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: அந்தப் படிப்பை முடித்த பழைய மாணவர் ஒருவரின் ஆய்வேடு. ஒரே தரவை எடுத்துக்கொண்டு, எதனால் நடந்தது என்ற கேள்வியையும் அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வியையும் அதில் தனித்தனியே பிரித்துக் கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். ஒளித்துவைத்த தரவில் சோதித்தாரா? தனக்கு வாய்த்த ஒப்பீடு எங்கே பலவீனமாக இருக்கிறது என்று ஒரு பக்கமாவது எழுதியிருக்கிறாரா? வழிகாட்டிகளாக இரண்டு துறையினரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா? இத்தனையும் இருந்தால் தயங்காமல் சேருங்கள். ஆய்வேட்டைக் காட்டவே மறுத்தால் வேறு கல்லூரி பாருங்கள்.